வாலியின் கேள்வியும் இலக்குவனின் பதிலும்

கேள்வி: பழைய காவியங்களில் நாயகனை முழுதாகக் கொண்டாடவும் முடிவதில்லை, பகைவனை முழுதாக வெறுக்கவும் முடிவதில்லை. வில்லனுக்கு நாலு நல்ல குணங்களைச் சேர்த்துவிட்டதுதான் காரணமா?

பதில்: இல்லவே இல்லை. இராவணன் வீணை மீட்டுவான், சாமகானம் பாடுவான் என்பதெல்லாம் அணிகலன்கள். அவன் செய்த குற்றம் அவற்றால் இம்மியும் குறைவதில்லை.

இராவணனின் தம்பி, கம்பனின் கும்பகருணனைப் பாருங்கள். உறக்கத்திலிருந்து எழுப்பிப் போர்க்கோலம் பூட்டுகிறார்கள். போர் மூண்டுவிட்டதா என்று திகைத்தவன் அடுத்துக் கேட்கிறான்: "சானகி துயர் இனம் தவிர்ந்தது இல்லையோ?" அரக்கர் குலத்து வீரனுக்குப் பகைவன் மனைவியின் கண்ணீர்தான் உடனே நினைவுக்கு வருகிறது! அவளை விட்டுவிடு என்று அண்ணனிடம் சொல்லிப் பார்க்கிறான். அண்ணன் சீறுகிறான். அதற்குமேல் வாதாடாமல் கிளம்புகிறான். "வென்று இவண் வருவென் என்று உரைக்கிலேன்" என்கிறான். நான் இறந்தபிறகாவது அவளை விட்டுவிடு என்றும் கேட்டுக்கொள்கிறான். இராமன் பக்கம் சேர்ந்துவிட்ட தம்பி வீடணன் களத்தில் வந்து அழைத்தபோதும், இது நீர்மேல் கோலம்போல் நிலையாத நீர்க்கோல வாழ்வு, நெடுநாள் வளர்த்தவனுக்கு உயிர் கொடுக்காமல் வரமாட்டேன் என்று மறுத்துவிடுகிறான். அறம் எந்தப் பக்கம் என்பது அவனுக்குத் தெளிவாகத் தெரியும். செஞ்சோற்றுக் கடன் வேறு பக்கம் இழுக்கிறது. தம்பி அறத்தின் பக்கம் போனான், இவன் கடனின் பக்கம் நின்றான். இருவரில் ஒருவரையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை.

நாயகன் பக்கமும் இப்படித்தான். இராமனின் அம்பு பாய்ந்து கிடக்கும் வானர அரசன் வாலி அடுக்கடுக்காகக் கேட்கிறான். மற்றவற்றுக்கு இராமன் விடை சொல்கிறான். வேடனைப் போல மறைந்து நின்று எய்தது ஏன் என்ற கேள்விக்கு மட்டும் இலக்குவன் பதில் சொல்கிறான். வான்மீகி இராமாயணத்தில் இதற்கும் இராமனே சமாதானம் சொல்கிறான்; கம்பனோ பதில் சொல்லும் பொறுப்பைத் தம்பியிடம் விட்டான். தன் தெய்வமென்று கொண்டாடியவனை அந்த இடத்தில் பேசாமல் நிற்கவைக்கக் கவிஞனுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

இப்போது வில்லனை நல்லவனாகவும் நாயகனைக் கெட்டவனாகவும் புரட்டி எழுதுவதைப் புதுமை என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. வேடம்தான் கைமாறுகிறது, சிக்கல் காணாமல் போகிறது. கிட்கிந்தா காண்டத்தில் வாலி வதைப் படலம், யுத்த காண்டத்தில் கும்பகருணன் வதைப் படலம் இரண்டையும் உரையோடு அடுத்தடுத்து வாசியுங்கள். அவசரம் வேண்டாம், வாய்விட்டே வாசியுங்கள்.