இடதுகைக்காரனுக்குத் தனிக் கத்தி

கேள்வி: பிலிப்பைன்ஸ் நாட்டின் பாரம்பரிய வாள்களும் கத்திகளும் எங்கிருந்து வந்தவை? எப்படிச் செய்கிறார்கள்?

நான் வரலாறு படித்தவன் இல்லை. சரக்குக் கப்பலில் மூன்றாம் இன்ஜினியர். பிலிப்பினோக்கள் இல்லாத இன்ஜின் ரூமில் இதுவரை வேலை பார்த்ததே இல்லை. ஒருமுறை மணிலாவில் கப்பலை விட்டு இறங்கியபோது, எங்கள் ஃபிட்டர் தன் ஊருக்கு வரச் சொல்லிப் பிடிவாதமாகக் கூட்டிப்போனார். பனாய் தீவு, இலோயிலோ மாகாணம். எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த நாலு நாளில் தெரிந்துகொண்டது. மீதி, அதற்குப் பிறகு கிறுக்குப் பிடித்துத் தேடித் தேடிப் படித்தது.

முதல் நாளே மானம் போனது. கொல்லைப்புறத்தில் இளநீர் வெட்ட என் கையில் ஒரு பினாங்கோனைக் கொடுத்தார்கள். அங்கே வீட்டுக்கு வீடு இருக்கும் வெட்டுகத்திக்கு அதுதான் பெயர். தேங்காய் நமக்குத் தெரியாதா என்று ஓங்கிப் போட்டேன். கத்தி மட்டைக்குள் இறங்காமல் வழுக்கிக்கொண்டு போய் மண்ணில் குத்தியது. இரண்டாவது போட்டதும் அப்படியே. குழந்தைகள் சிரித்தன. ஃபிட்டர் கத்தியை வாங்கித் திருப்பிக் காட்டினார். இடப்பக்கம் பலகை மாதிரி தட்டை. வலப்பக்கம் மட்டும் சாய்த்துத் தீட்டியிருந்தது. தச்சர் உளியின் வாயைப் பார்த்திருப்பீர்கள், அதே மாதிரி.

"தெர்செரோ, இது வலதுகைக் கத்தி" என்றார். (மூன்றாம் இன்ஜினியரை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள், ஸ்பானிஷ் மிச்சம்.) நான் இடதுகைக்காரன்.

பனாய்த் தீவுக் கத்திகளின் அடையாளமே இந்த ஒருபக்கத் தீட்டல்தான். தென்னை வெட்டும் பினாங்கோனிலும் இருக்கும். சண்டைக்கென்றே செய்த தாலிபோங், தெனெக்ரே வாள்களிலும் இருக்கும். வாளின் பிடியில் நாக்கை நீட்டிய ஏதோ ஒரு மிருகத்தின் தலையைச் செதுக்கியிருப்பார்கள். வெட்டுகத்தியும் வாளும் ஒரே பட்டறையில், ஒரே கொல்லன் கையில் பிறப்பவை. பிலிப்பைன்ஸ் வாள்களைப் பற்றி என்னிடம் சொல்ல ஒரு விஷயம் உண்டென்றால் அது இதுதான்: அங்கே வாளுக்கும் வெட்டுகத்திக்கும் நடுவில் கோடு போடுவது கஷ்டம்.

அப்புறம் பட்டறை. கொல்லனுக்கு அங்கே 'பண்டாய்' என்று பெயர். ஃபிட்டரின் மாமா ஒருவர் பண்டாய். கீற்றுக் கொட்டகை, கரி உலை, மூலையில் பழைய லாரிப் பட்டைகளின் குவியல். லாரி, ஜீப்னி (அங்கத்திய ஷேர் வண்டி) இவற்றின் அடியில் அடுக்கடுக்காக இருக்குமே, அந்த ஸ்பிரிங் பட்டைதான் இன்றைக்கு நாடு முழுக்கக் கத்திக்கு மூலப்பொருள். 'மோல்யே' என்கிறார்கள். பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, தேவையான நீளத்துக்கு வெட்டி, அடித்து வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள். பெரியவர் சின்னச் சுத்தியலால் எங்கே அடிக்க வேண்டும் என்று தட்டிக் காட்ட, எதிரே நின்ற பையன் அதே இடத்தில் சம்மட்டியை இறக்கினான். பேச்சே இல்லை.

நான் வாயைப் பிளந்து பார்த்தது தோய்ச்சலைத்தான். கத்தி முழுவதையும் தண்ணீரில் போடவில்லை. வெட்டும் விளிம்பை மட்டும் சரியாக ஒரு விரல் அகலத்துக்குத் தொட்டியில் நனைத்தார். விளிம்பு சட்டென்று கறுத்தது, முதுகுப் பக்கம் இன்னும் சிவப்பாகவே இருந்தது. விளிம்பு கடினமாக வேண்டும், முதுகு கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டும். மொத்தமும் கடினமாகிவிட்டால் முதல் மூங்கிலிலேயே கத்தி உடைந்துவிடும். கப்பலில் ஹீட் ட்ரீட்மென்ட் பற்றிப் பரீட்சை எழுதித் தேறியவன் நான். அவரிடம் வெப்பமானி எதுவும் இல்லை. உலை இருக்கும் மூலையை வேண்டுமென்றே இருட்டாக வைத்திருந்தார், இரும்பின் நிறம் தெரிவதற்காக.

கடைசியில் பிடி. பிடிக்குள் போகும் கத்தியின் வால் பகுதியைக் காய்ச்சி எருமைக் கொம்புக்குள் இறக்கினார்கள். முடி கருகும் நாற்றம், கண்ணெல்லாம் எரிந்தது. துளையில் முன்பெல்லாம் மரப்பிசினை உருக்கி ஊற்றுவார்களாம், இப்போது கடையில் வாங்கும் எப்பாக்ஸி. உலைக்கு ஊதுவதும் மின்விசிறிதான். பழைய துருத்தி வேறு மாதிரி: செங்குத்தாக நிற்கும் இரண்டு மரக்குழாய்கள், உள்ளே கோழி இறகு கட்டிய இரண்டு தண்டுகள், ஒன்று மேலே வரும்போது மற்றது கீழே போகும். தென்கிழக்காசியா முழுக்க இருந்த அமைப்பு இது. இன்ஜின்காரனுக்குச் சொல்லவா வேண்டும், இரட்டை பிஸ்டன் பம்ப்.

எங்கிருந்து வந்தவை என்ற கேள்விக்கு வருகிறேன். இரும்பு பெரும்பாலும் வெளியிலிருந்துதான். ஸ்பானியர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே சீன வணிகக் கப்பல்களில் இரும்பு வந்து இறங்கிக்கொண்டிருந்தது. அன்று சீன இரும்பு, இன்று லாரிப் பட்டை. வடிவம்தான் உள்ளூர். அதுவும் நாட்டுக்கு ஒரே வடிவம் கிடையாது. வடக்கே கார்டில்லெரா மலைகளில் கலிங்கா மக்களிடம் இருந்தது வாளே இல்லை, தலைவெட்டும் கோடாரி. பத்தாங்காஸில் பாலிசோங் என்ற மடக்குக்கத்தி.

அழகு என்று பார்த்தால் தெற்கே போக வேண்டும். மிண்டனாவ், சூலு தீவுகளில் இருக்கும் மோரோ முஸ்லிம்களின் வாள்கள். கிரிஸ் என்ற நெளிவாளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அது ஜாவா, மலாய்ப் பக்கத்திலிருந்து வந்த வடிவம். ஆனால் ஜாவாவில் அது குத்தும் குறுவாள். சூலுவுக்கு வந்ததும் வளர்ந்து வெட்டும் வாளாகிவிட்டது. வீசி வெட்டினால் பிடிக்குள் கத்தி திரும்பிவிடக் கூடாது அல்லவா? அதனால் வால் பகுதியைச் சதுரமாக அடித்தார்கள், பிடியோடு சேர்த்து இறுக்க வெள்ளியிலோ பித்தளையிலோ பட்டை போட்டார்கள். நெளிவும் பல வாள்களில் பிடிப்பக்கத்துப் பாதியில் மட்டும்தான், நுனிவரை நேராகப் போய்விடும். ஒரு வேடிக்கை: மகிந்தனாவ் மக்கள் இந்தக் கிரிஸைச் 'சுண்டாங்' என்பார்கள். நாட்டின் நடுவே இருக்கும் செபு தீவில் போய்ச் சுண்டாங் கேட்டால் சமையலுக்கும் தோட்டத்துக்கும் உள்ள கத்தியைக் கொடுப்பார்கள்.

பாரோங் இன்னொன்று. (இணையத்தில் தேடினால் முதலில் பிலிப்பினோ சட்டைதான் வரும், பயப்பட வேண்டாம்.) சூலு தீவுகளின் தவ்ஸுக் மக்களுடையது. மாவிலை வடிவம், ஏறத்தாழ ஒன்றரை அடி நீளம், தடித்த முதுகு, காக்கத்துவா கிளியின் கொண்டையும் அலகுமாகச் செதுக்கிய பிடி. கம்பிலான் அதற்கு நேரெதிர். ஒரு மீட்டர் நீளம், பிடியருகே ஒடுங்கி நுனியை நோக்கி அகன்றுகொண்டே போகும். நுனிக்கனத்தை ஈடுகட்டப் பிடியும் பெரிது, வாயைப் பிளந்த விலங்கின் வடிவில். முதலை என்பார் சிலர், நிலவை விழுங்கும் பாக்குனாவா பாம்பு என்பார் சிலர்.

ஸ்பெயினுக்காகக் கப்பலோட்டி வந்த மகெல்லனைக் கொன்றது கம்பிலான்தான் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். 1521 ஏப்ரல் 27 அன்று செபுவை ஒட்டிய மக்தான் தீவின் கரையில் நடந்ததைக் கூடவே இருந்த இத்தாலியர் பிகாஃபெட்டா எழுதி வைத்திருக்கிறார். மகெல்லனின் கையில் மூங்கில் ஈட்டி பாய்ந்ததால் அவரால் தன் வாளைப் பாதிக்கு மேல் உருவ முடியவில்லை. அப்புறம் ஒருவன் பெரிய வளைவாள் போன்ற ஒன்றால் இடது காலில் வெட்டினான். முகம் குப்புற விழுந்தார். வாளின் பெயரை அந்த இடத்தில் பிகாஃபெட்டா சொல்லவில்லை. ஆனால் அவரே செபு மக்களின் சொற்களைக் கேட்டுப் பட்டியல் போட்டிருக்கிறார், அதில் கம்பிலானும் சுண்டாங்கும் உண்டு. ஆகவே இருந்திருக்கலாம். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இதேபோல ஓடும் இன்னொரு கதை, பிலிப்பைன்ஸ் அமெரிக்கா வசம் இருந்தபோது பாரோங்குடன் பாய்ந்து வந்த மோரோக்களை நிறுத்தவே அமெரிக்கா எம்1911 கைத்துப்பாக்கியைச் செய்தது என்பது. பாதி உண்மை. .38 ரிவால்வர் போதவில்லை என்ற புலம்பல் அங்கிருந்துதான் போனது, 1904இல் சோதனைகள் நடத்தி இன்னும் பெரிய .45 குண்டு வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். ஆனால் அந்தத் துப்பாக்கி 1911இல் ஏற்கப்பட்டு தெற்கே வந்து சேர்வதற்குள் மோரோ போர் முடியும் கட்டம், 1913இல் முடிந்தேவிட்டது. என்னைக் கேட்டால் இதைவிடப் பேச வேண்டியது சாமர் தீவின் பாலங்கிகா. 1901 செப்டம்பர் 28 அன்று ஊர்க்காரர்கள் வயல்வேலைக்கு வைத்திருந்த வெட்டுகத்திகளோடு எழுந்து 48 அமெரிக்கச் சிப்பாய்களைக் கொன்றார்கள். பதிலுக்கு அமெரிக்கப் படை அந்தத் தீவில் செய்தது அதைவிடக் கொடூரம். அந்தப் பதிலடியின்போது எடுத்துப்போன தேவாலய மணிகள் 2018இல்தான் திரும்பி வந்தன.

வாளா வெட்டுகத்தியா என்ற குழப்பம் சட்டத்திலும் உண்டு. 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி கத்தியோடு வெளியே நடமாடக் கூடாது. பிழைப்புக்கான கருவி என்றால் விலக்கு. கத்தியை வைத்து முடிவு சொல்ல முடியாது, ஆள் எங்கே போகிறான் என்று பார்க்க வேண்டும்.

வாங்க நினைப்பவர்களுக்கு: நானும் மணிலாவில் ஒரு கடையில் கிரிஸ் வாங்கினேன். கப்பலேறி மூன்றாம் வாரம் பிடி தனியே கழன்று வந்தது, உள்ளே கட்டைவிரல் நீளத்துக்குக்கூட வால் இல்லை. ஃபிட்டர் பார்த்துவிட்டு, "இது கத்தி இல்லை தெர்செரோ, கத்தியின் போட்டோ" என்றார். முதுகுத் தடிமன் பிடியிலிருந்து நுனிக்குப் போகப்போகக் குறைகிறதா என்று பாருங்கள். அடித்துச் செய்ததென்றால் குறையும். தகட்டில் வெட்டியதென்றால் கடைசிவரை ஒரே தடிமன்.

அந்தப் பெரியவரிடம் இடதுகைக்கு ஒன்று சொல்லிவிட்டு வந்தேன். எந்தக் கை என்று கேட்டுவிட்டுத்தான் செய்வாராம், அதனால் அவருக்கு அது புதிதில்லை. செய்தும் வைத்துவிட்டார். கப்பலில் கொண்டுவர கேப்டன் விடமாட்டார், விமானத்தில் கொண்டுவர எனக்குத் தைரியமில்லை. ஃபிட்டர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அந்த வீட்டில் இடதுகைக்காரர் யாரும் இல்லாததால் கூர் அப்படியே இருக்கிறது என்று போன மாதம் மெசேஜ் அனுப்பியிருந்தார்.