செஸ் வீராங்கனை கோனேரு ஹம்பி பற்றி நீங்கள் கேட்டவை

அக்கா, ஹம்பி என்பது ஊர்ப் பெயரா?

இல்லை. ‘சாம்பியன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவிலிருந்து அப்பா அசோக் உருவிய பெயர். ரஷ்யப் பெயர் மாதிரி ஒலிக்கட்டும் என்று அப்புறம் ஆங்கில எழுத்தையும் மாற்றினார். மகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேலையையே விட்ட மனிதர் அவர்.

மகளிர் கிராண்ட்மாஸ்டர், கிராண்ட்மாஸ்டர், இரண்டும் ஒன்றுதானே?

இரண்டும் செஸ் பட்டங்கள்தான், ஆனால் ஒன்றில்லைங்க. முன்னதற்கு ரேட்டிங், அதாவது ஆட்டத் திறனை அளக்கும் புள்ளி, 2300 போதும். பின்னதற்கு 2500, ஆண்களுக்கு உள்ள அதே அளவு. இந்தியாவின் முதல் மகளிர் கிராண்ட்மாஸ்டர் நம் சென்னை விஜயலட்சுமி, 2001இல். மறு வருடமே ஹம்பி 15 வயது 1 மாதம் 27 நாளில் முழு கிராண்ட்மாஸ்டர் ஆகி, அதுவரை மிக இளம் வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆன பெண்ணான ஹங்கேரியின் ஜூடித் போல்காரின் சாதனையை மூன்று மாத வித்தியாசத்தில் முந்தினார்.

செஸ் ஆடியே பிழைக்க முடியுமா?

பரிசுப் பணம் ஒரு மாதம் வரும், மறு மாதம் வராது. விமான டிக்கெட்டும் கோச் சம்பளமும் மட்டும் தவறாமல் வரும்! அதனால்தான் பொதுத்துறை வேலைக்கு இங்கே அவ்வளவு மதிப்பு. ஹம்பிக்கு ஓஎன்ஜிசி.

மகளுக்கு 8 வயது. பள்ளியை நிறுத்திவிடலாமா?

வேண்டாம். ஹாலுக்கு வெளியே டிபன் டப்பாவோடு உட்கார்ந்திருப்பீர்களே, ஆட்டம் முடிந்து வரும் பிள்ளையிடம் “ஜெயிச்சியா?” என்று கேட்காமல் டப்பாவைத் திறந்து கொடுங்கள். இப்போதைக்கு அது போதும்.

குழந்தை பிறந்தால் ஆட்டம் போய்விடும் என்கிறார்களே?

2017இல் மகள் பிறந்தாள். 2018இல் ஜார்ஜியா நாட்டின் பாட்டூமியில் நடந்த செஸ் ஒலிம்பியாடில் ஹம்பி திரும்பினார், 2019 டிசம்பரில் மாஸ்கோவில் உலக ரேபிட் பட்டம். ரேபிட் என்றால் ஆளுக்கு 15 நிமிடம், நகர்த்தலுக்கு 10 விநாடி கூடுதல். சின்னப் பிள்ளைகளின் வேகத்துக்கு ஏற்ற ஆட்டம் அது. 2024இல் நியூயார்க்கில் நடந்த அதே போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றார். 11 சுற்றுப் போட்டியில் அப்படித் தொடங்கினால் பலர் மனசுக்குள் மூட்டை கட்டிவிடுவார்கள். இவரோ கடைசிச் சுற்றில் கறுப்புக் காயோடு ஐரீன் சுகந்தரை வென்று, 8.5 புள்ளியுடன் மறுபடி சாம்பியன். வயது 37. என்னைக் கேட்டால், 15 வயதுச் சாதனையைவிட இதுதான் பெரிது.

கிளாசிக்கலில், அதாவது மணிக்கணக்கில் ஆடும் ஆட்டத்தில், உலகப் பட்டம்?

கிடைக்கவில்லை. 2011இல் டிரானாவில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் சீனாவின் ஹூ யிஃபானிடம் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் தோற்றார். 2025 உலகக் கோப்பை இறுதிக்கு வந்தார், அதுவும் பாட்டூமியில்தான். கிளாசிக்கல் இரண்டும் ட்ரா, சமன் முறிக்க ஆடிய ரேபிட் ஆட்டங்களில் கை நழுவியது. வென்ற திவ்யா தேஷ்முக் பிறந்தது 2005 டிசம்பரில். ஹம்பி கிராண்ட்மாஸ்டர் ஆகி அப்போதே மூன்று வருடம் தாண்டியிருந்தது.