உலகக் கோப்பைக் காற்பந்தில் நம் மலேசியா ஆடவே இல்லையே, பிறகு ஏன் 2022 இறுதி ஆட்டத்தன்று கோலாலம்பூரின் இந்திய முஸ்லிம் உணவுக் கடைகளான மாமாக் கடைகளில் பெரியவர்கள்கூட அழுதார்கள்? பந்தயப் பணமா?

கேள்வியின் கடைசி இரண்டு சொற்களைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அன்றிரவு அழுத பெரியவர்களில் ஒருவர் என் அப்பா. எழுபதை நெருங்குகிறவர். வாழ்நாளில் ஒரு முறைகூட நம்பர் கடை எனும் லாட்டரிக் கடையின் படி ஏறாதவர். காற்பந்தை வைத்துச் சூதாடுகிறவர்கள் இந்த நகரத்தில் இருக்கிறார்கள், அவர்களில் சிலரும் அழுதிருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கண்ணீர் விட்டவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே காரணம் எழுதிவிடாதீர்கள்.

நீங்கள் காற்பந்து பார்க்காதவர் என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டில் யாரோ கத்தி உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருப்பார்கள். விடிந்தால் திங்கட்கிழமை, வேலைக்குப் போக வேண்டும். அந்த எரிச்சல் நியாயமானது. அதற்கான பதிலைத்தான் சொல்லப்போகிறேன், கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்க வேண்டியிருக்கிறது.

அப்பா கோலாலம்பூரின் செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். 1980 ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை, மெர்டேக்கா விளையாட்டரங்கத்தில் மாஸ்கோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் இறுதி ஆட்டம். எதிரே தென்கொரியா. வென்றால் மாஸ்கோ, தோற்றால் வீடு. பட்டறை நண்பர்களோடு அப்பா அங்கே இருந்தார். கோல் கம்பத்தில் ஆறுமுகம். நீண்ட கைகளுக்காக நாடே அவரை ஸ்பைடர்மேன் என்று அழைத்த காலம் அது. தற்காப்பில் சோ சின் ஆன், சந்தோக் சிங். சபா மாநிலத்துக்காரர்களான இருவர், ஹசான் சானி பந்தைக் கொடுக்க ஜேம்ஸ் வோங் அடிக்க, 2-1. சீனரும் சீக்கியரும் தமிழரும் மலாய்க்காரரும் சேர்ந்து வென்ற ஆட்டம் என்று இன்று மேடைகளில் பேசுகிறார்கள். அப்பா அப்படியெல்லாம் பேசமாட்டார். ஆறுமுகம் எந்தப் பந்தை எந்தக் கையால் தட்டினார் என்பதைத்தான் சொல்வார்.

வென்ற அணி மாஸ்கோவுக்குப் போகவில்லை. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படைகள் நுழைந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன, மலேசியாவும் புறக்கணித்தது. அந்த முடிவு சரியா தவறா என்று வாதிட நான் வரவில்லை. யாரும் கீழே கருத்துப் பகுதிக்கு வந்து எனக்கு வரலாற்றுப் பாடம் எடுக்க வேண்டாம். நான் சொல்வது ஒன்றுதான்: தகுதி பெற்றும் ஆட முடியாமல் போன ஓர் அணியைத் தன் கண்ணால் பார்த்த மனிதர் அவர். அதற்குப் பிறகு ஒலிம்பிக் காற்பந்துக்கு மலேசியா தகுதி பெறவே இல்லை. உலகக் கோப்பைக்கு என்றைக்குமே போனதில்லை. ஆறுமுகம் 1988-இல் சாலை விபத்தில் இறந்தார். செய்தித்தாளில் வந்த அவர் படத்தை அப்பா வெகுநாள் பட்டறைப் பெட்டியின் மூடியில் ஒட்டிவைத்திருந்தார்.

1994, 95-இல் உள்ளூர் லீக்கில் ஆட்டங்களை விலைபேசி விற்ற விவகாரம் வெடித்தது. ஆட்டக்காரர்கள் பலர் நீக்கப்பட்டார்கள், சிலர் நாட்டின் வேறு மூலைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அப்பா அரங்கத்துக்குப் போவதை அத்தோடு நிறுத்தினார். பந்தயப் பணம் என்று நீங்கள் எழுதியது எங்கள் வீட்டில் ஏன் சுடுகிறது என்று இப்போது புரிகிறதா? பந்தயக்காரர்களால் தன் அணியையே இழந்தவரிடம் போய்க் கேட்கிற கேள்வி அது.

அவருக்கு மிஞ்சியது தொலைக்காட்சியும் அர்ஜென்டினாவும். மரடோனாவின் 1986 இறுதி ஆட்டத்தை இங்கே நள்ளிரவு தாண்டிப் பார்த்தவர். அர்ஜென்டினா தோற்ற 1990 இறுதியில் ஜெர்மனியின் பினால்டி, 2014 இறுதியில் கூடுதல் நேரத்தில் அதே ஜெர்மனியின் கோட்சே அடித்த கோல், இரண்டையும் அவரோடு உட்கார்ந்து நானும் பார்த்திருக்கிறேன். பெண்ணுக்கு எதற்கு இந்தப் பந்து என்று கேட்ட உறவினர்கள் உண்டு. அவர்களுக்கு அன்றும் பதில் சொல்லவில்லை, இன்றும் சொல்வதாக இல்லை.

'சொந்த நாட்டுக்காக இப்படி அழுவீர்களா?' என்று அடுத்துக் கேட்பீர்கள். அழுதிருக்கிறோம். 2010 டிசம்பர் 26, புக்கிட் ஜாலில் விளையாட்டரங்கம், ஆசியான் கோப்பை இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம், எதிரே இந்தோனேசியா. பயிற்சியாளர் கே. ராஜகோபால். அணியில் குணாளன், குருசாமி. மாதத் தொடக்கத்தில் இதே இந்தோனேசியாவிடம் 5-1 என்று உதை வாங்கிய அணி அது. தம்பியும் நானும் மேல் அடுக்கில் இருந்தோம், உட்கார இடமில்லை, படிக்கட்டிலும் ஆட்கள். இரண்டாம் பாதியில் சாபி சாலி, அஷாரி, மறுபடி சாபி சாலி. 3-0. கூட்டத்திலிருந்து சிலர் லேசர் ஒளி அடித்ததால் ஆட்டம் நடுவே நின்றது உண்மை. அது அசிங்கமான செயல். இந்தோனேசிய நண்பர்கள் அதைச் சொல்லிக் காட்டினால் நான் தலையைக் குனிந்துதான் கேட்பேன். ஆனால் அந்த மூன்று கோல்களையும் லேசர் அடிக்கவில்லை. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில், பிர்மான் உத்தினாவின் பினால்டியைக் கைருல் பாஹ்மி பிடித்தபோது வீட்டில் அப்பா எழுந்து நின்றவர் ஆட்டம் முடியும் வரை உட்காரவில்லை. அங்கே 2-1 என்று தோற்றும் மொத்தத்தில் 4-2 என்று கோப்பை நமக்கு வந்தது. டிசம்பர் 31 பொது விடுமுறையானது. ராஜகோபாலைத் தூக்கிப் பிடித்த படத்தைப் பார்த்து அப்பா அழுதார். அன்று யாரும் எங்களிடம் காரணம் கேட்கவில்லை.

இப்போது உங்கள் கேள்வியின் இரவுக்கு வருகிறேன். 2022 டிசம்பர் 18. அர்ஜென்டினாவும் பிரான்சும் மோதிய ஆட்டம் நம் நேரப்படி இரவு 11 மணிக்கு. பத்தாங் காலியில் நிலச்சரிவு நடந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, காணாமல் போனவர்களை இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் கொண்டாட்டமா என்று சிலர் கேட்கக்கூடும். கடையில் முதலில் பேசப்பட்டதே அதைப் பற்றித்தான். ஆட்டம் தொடங்கும் வரை எந்த மேசையிலும் சத்தம் இல்லை.

செந்தூலில் நாங்கள் போன கடையில் சாலையோரம் வெள்ளைத் திரை கட்டியிருந்தார்கள். எதிர்ச்சாரியில் இன்னொரு கடை, அங்கேயும் திரை. அவர்களுக்கு ஒளிபரப்பு எங்களைவிடச் சில விநாடிகள் முன்னால் வந்தது. இதை மாமாக் கடையில் ஆட்டம் பார்த்தவர்கள் எல்லாரும் அறிவார்கள்: உங்கள் திரையில் பந்து இன்னும் நடுக்கோட்டில் இருக்கும், எதிர்க்கடையில் கோல் விழுந்துவிட்டிருக்கும்.

மெஸ்ஸியின் பினால்டி, பிறகு டி மரியாவின் கோல். அந்த இரண்டாவது கோலுக்கான பந்துப் பரிமாற்றத்தைப் பார்த்து அப்பா தே தாரேக் தேநீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். பிரான்ஸ் பயிற்சியாளர் இடைவேளைக்கு முன்பே இரண்டு முன்வரிசை ஆட்டக்காரர்களை வெளியே எடுத்தார். 2-0, எழுபத்தைந்தாவது நிமிடம். காலையில் வேலை உள்ளவர்கள் பணத்தைக் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார்கள்.

அப்போது எதிர்க்கடையில் ஒரு கூச்சல். எங்கள் திரையில் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. பிறகுதான் அர்ஜென்டினாவின் ஓட்டாமெண்டி பிரான்சின் கோலோ முவானியைத் தள்ளுவது தெரிந்தது. எம்பாப்பே, 80-ஆவது நிமிடம், பினால்டி. நாங்கள் மூச்சு விடுவதற்குள் எதிரே மறுபடி கூச்சல். 81-ஆவது நிமிடம், எம்பாப்பே, 2-2. போனவர்கள் எல்லாம் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். தலைக்கவசத்தைக் கழற்றாமலே நின்று பார்த்தார்கள்.

என் மகன் முகத்தை மூடிக்கொண்டான். அப்பா அவன் தோளில் கை வைத்து, "1986-இலும் ஜெர்மனி இப்படித்தான் இரண்டையும் திருப்பிப் போட்டது. அதற்குப் பிறகுதான் புருச்சாகா அடித்தான். நிமிர்ந்து உட்கார்" என்றார். பேரனைத் தேற்றுவதற்காகச் சொன்னதாக நினைத்தேன். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

கூடுதல் நேரத்தில் மெஸ்ஸி அடித்தார், 3-2. எம்பாப்பே மறுபடி பினால்டியில் சமன் செய்தார், 3-3. கடைசி நிமிடத்தில் கோலோ முவானி தனியாக வந்து அடித்த பந்தை அர்ஜென்டினாவின் கோல்காவலர் மார்ட்டினெஸ் இடது காலை நீட்டித் தடுத்தார். அந்த ஒரு நொடிக்கு எதிர்க்கடையிலிருந்து வந்த சத்தத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. கோலா, இல்லையா? நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பந்து எங்கள் திரைக்கு வந்து சேர்வதற்காகக் காத்திருந்தோம். அப்பா, "ஆறுமுகம் கால்!" என்று கத்தினார். பக்கத்து மேசைப் பையன்களுக்கு அவர் யாரைச் சொல்கிறார் என்று புரிந்திருக்காது.

வெற்றியைத் தீர்மானிக்கும் பினால்டிகளில் பிரான்சின் கோமான் அடித்ததை மார்ட்டினெஸ் தடுத்தார், சுவாமெனி வெளியே அடித்தார். கடைசியாக அர்ஜென்டினாவின் மொண்டியெல் பந்தை வைத்தபோது கடைக்காரர் செய்த காரியத்தை மறக்க மாட்டேன். எதிர்க்கடையை நோக்கிக் கையை உயர்த்தி, "கொஞ்சம் பொறுத்துக் கத்துங்கள்!" என்று கெஞ்சினார். யார் கேட்பார்கள்? எங்கள் திரையில் மொண்டியெல் ஓடத் தொடங்கும் முன்பே சாலைக்கு அந்தப் பக்கம் வெடித்தது. அர்ஜென்டினா வென்றுவிட்டதைத் தெரிந்துகொண்டே அந்தப் பந்து வலைக்குள் போவதைப் பார்த்தோம்.

கடையில் பானம் கலக்கும் வங்காளதேசத் தொழிலாளி ஒருவர் ஓடி வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டார். "மெனாங், அங்கிள், மெனாங்!" என்று, வென்றுவிட்டோம் என மலாயில் சொல்லி அழுதார். அப்பாவும் அழுதார். இருவருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் மலாய் மட்டும்தான். அந்தத் தொழிலாளியின் நாடும் உலகக் கோப்பைக்குப் போனதில்லை. ஆனால் டாக்கா தெருக்களில் ஆயிரக்கணக்கில் அர்ஜென்டினாச் சட்டையோடு நின்றவர்களை அப்போது உலகமே பார்த்தது. நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் அந்த இருவர்தான். தன் அணி போக முடியாத இடத்துக்கு, தான் நேசித்த ஆட்டம் போய்ச் சேர்ந்ததைப் பார்த்தவர்களின் அழுகை அது. சொந்த நாட்டை மறந்தவர்கள் இப்படி அழமாட்டார்கள்.

சத்தத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மறுவாரம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகம் எங்கள் வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் மட்டும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது, "காற்பந்து இரவில் இரைச்சல்" என்று. அந்த நேரத்தில் நாங்கள் வீட்டிலேயே இல்லை. கத்தியது எல்லா மாடிகளும், எல்லா இனத்தவரும். கடிதம் வந்தது இரண்டு தமிழ் வீடுகளுக்கு. நான் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன், "பொதுவான அறிவிப்புதான்" என்றார்கள். பொதுவானது என்றால் அறிவிப்புப் பலகையில் அல்லவா இருக்க வேண்டும்? அதே நிர்வாகம் மின்தூக்கி பழுதாகி அப்பா முட்டிவலியோடு மாடி ஏறிக்கொண்டிருந்த மாதங்களில் ஒரு வரி எழுதவில்லை. பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் தவறாமல் கேட்டது. கேள்விக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று தெரியும். ஆனால் தமிழன் கூட்டமாக மகிழ்ந்தால் இரைச்சல், மற்றவர் மகிழ்ந்தால் விளையாட்டு உணர்வு என்கிற பார்வை இந்த நகரத்தில் சிலரிடம் இருக்கிறது, உங்கள் கேள்வியிலும் அதன் வாடை எனக்கு அடித்தது. இல்லை என்றால் மகிழ்ச்சி.

இன்னொன்று. 2024 ஜனவரி 25, தைப்பூசம். பத்துமலைக்குப் போய்விட்டு ரயிலில் திரும்பினோம். அன்று மாலைதான் கத்தாரில் ஆசியக் கிண்ணத்தில் மலேசியாவும் தென்கொரியாவும். நாம் ஏற்கெனவே வெளியேறிவிட்டோம், அந்த ஆட்டத்தால் எதுவும் மாறப்போவதில்லை. ரயில் பெட்டியில் விபூதிப் பூச்சோடு நின்றவர்கள்கூடக் கைப்பேசியில் அந்த ஆட்டத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். ஃபைசால் ஹாலிம் கோல் கோட்டை ஒட்டிய அந்தக் குறுகிய இடத்திலிருந்து ஒன்று, அரிஃப் ஐமான் பினால்டியில் ஒன்று. சோன் ஹியூங்-மின் கடைசியில் கொரியாவை முன்னே கொண்டுபோனார். காயங்களுக்காகக் கூட்டித் தந்த நேரத்தின் பதினைந்தாவது நிமிடத்தில் ரோமெல் மொராலெஸ் அடித்தார், 3-3.

அப்பா பட்டறை நண்பர்களை ஒவ்வொருவராகக் கைப்பேசியில் அழைக்கத் தொடங்கினார். குழுவில் கடைசியாக வந்த அணிக்கா இவ்வளவு என்று அம்மா கேட்டார். "கொரியாவுக்கு மூன்று கோல் போட்டிருக்கிறோம், தெரியுமா?" என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணைத் தேடினார்.