பில் ஜவுளிக்கடை பேரில், மிஷின் வீட்டில்: எஸ்பிரெசோ வழக்கு நிற்குமா?

கேள்வி: பாளையங்கோட்டை மகாராஜநகரில் குடியிருக்கிறேன். போன வருஷம் கார்த்திகையில் 70,800 ரூபாய்க்கு வீட்டு உபயோகத்துக்கு ஒரு எஸ்பிரெசோ மிஷின் வாங்கினேன். ஜி.எஸ்.டி. மிச்சமாகும் என்று மச்சினன் சொன்னதால் பில்லை அவருடைய ஜவுளிக்கடை பேரில் போட்டோம். 11-வது மாதம், தீபாவளிக்கு மருமகன் வந்திருந்தபோது, ஆவி வரவில்லை. அடியில் தண்ணீர் ஒழுகியது. சர்வீஸ்காரர் வந்து உப்புப் படிந்திருக்கிறது, வாரன்டி கிடையாது என்று எழுதிக் கொடுத்தார். "இதெல்லாம் வச்சுப் பாக்கத் தெரியணும்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். ஆற்றுத் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீர் ஊற்றினோம், அவ்வளவுதான். பெட்டியில் 15 பார் அழுத்தம் என்று போட்டிருக்கிறது, மீட்டர் 9-ஐத் தாண்டியதே இல்லை. எந்தக் காபித்தூளும் போடலாம் என்றார் கடைக்காரர்; சிக்கரி கலந்த தூள் போட்டால் சொட்டுகூட இறங்கவில்லை. ரிப்பேருக்கு 14,500 கேட்டார்கள். சண்டை போட்ட பிறகு பாதி தந்தால் போதும் என்று மெயில் வந்திருக்கிறது. எனக்கு அவர்கள் சலுகை வேண்டாம். 5 லட்சம் கேட்டு நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாமா, வக்கீல் அண்ணாச்சி?

பதில்: அண்ணாச்சி, சர்வீஸ்காரர் பேசிய பேச்சும் மருமகன் முன்னால் பட்ட அவமானமும் வழக்குக்கு உதவாது. மன உளைச்சல் என்று ஒரு பாரா எழுதிக்கொள்ளலாம், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

15 பார் சங்கதியைத் தயவுசெய்து மனுவில் எழுதிவிடாதீர்கள். எஸ்பிரெசோ இறங்க வேண்டியதே 9 பார் அழுத்தத்தில்தான். பெட்டியில் போடும் 15 என்பது பம்ப்பால் அதிகபட்சம் தர முடிகிற அழுத்தம். உங்கள் மீட்டர் 9 காட்டியதென்றால் அன்றுவரை மிஷின் சரியாக ஓடியது என்று நீங்களே சாட்சி சொல்கிறீர்கள். தூள் விஷயமும் அப்படித்தான். நம்மூர் ஃபில்டர் தூளைச் சிக்கரியோடு சேர்த்து அந்தச் சின்னக் கூடைக்குள் அழுத்தினால் அடைத்துக்கொள்ளத்தான் செய்யும். கடைக்காரர் எந்தத் தூளும் ஆகும் என்று எழுதிக் கொடுத்திருந்தால் அது வேறு கதை. வாயால் சொன்னதை யார் நிரூபிப்பது?

உங்கள் வழக்கு ஒரே ஒரு கேள்வியில் நிற்கிறது: நீங்கள் சட்டப்படி நுகர்வோரா?

2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(7), வணிக நோக்கத்துக்குப் பொருள் வாங்கியவரை வெளியே நிறுத்திவிடுகிறது. வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்பதால், பில்லில் உங்கள் பெயர் இல்லை என்பது பெரிய குறை அல்ல. கடை பேரில் பில் என்ற ஒரே காரணத்துக்காக வழக்கு போய்விடவும் செய்யாது. இயக்குநரின் உபயோகத்துக்கு ஒரு கம்பெனி வாங்கிய கார் பற்றிய வழக்கில், அது வணிக நோக்கம் ஆகாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே வருஷம் இன்னொரு தீர்ப்பில், வணிக நோக்கம் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டது.

இதைப் படித்துவிட்டுத் துள்ளிக் குதிக்க வேண்டாம். நிரூபிக்க வேண்டியதை எல்லாம் நீங்களே அவர்கள் கையில் கொடுத்து வைத்திருக்கிறீர்கள்.

பில்லைப் பாருங்கள். 60,000 விலை, 10,800 வரி, மேலே ஜவுளிக்கடையின் ஜி.எஸ்.டி. எண். அந்த 10,800-ஐ மச்சினன் இன்புட் வரவாக (கடை கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்கிற தொகையாக) எடுத்திருக்கிறார். அதாவது, இது என் வியாபாரத்துக்கு வாங்கிய பொருள் என்று அரசாங்கத்திடம் கணக்குக் காட்டியிருக்கிறார். இப்போது ஆணையத்தில் நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள்? வீட்டுக்கு வாங்கினோம் என்று. அதற்கு மச்சினனும் பிரமாண வாக்குமூலம் தர வேண்டியிருக்கும். சொந்த உபயோகப் பொருளுக்கு இன்புட் எடுக்கக் கூடாது என்பது ஜி.எஸ்.டி. சட்டம் பிரிவு 17(5). அவர் கையெழுத்துப் போட்ட நிமிஷமே, தவறான வரவு எடுத்தேன் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டவர் ஆகிறார். இல்லை, கடைக்குத்தான் வாங்கினோம் என்று மாற்றிச் சொன்னால் ஆணையத்தின் கதவு மூடிக்கொள்ளும். அதோடு உங்கள் வாரன்டி அட்டையில் 'வீட்டு உபயோகத்துக்கு மட்டும்' என்று இருக்கிறது, அதுவும் போச்சு. இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அந்த நிலைமை.

இதே பள்ளத்தில் விழுந்த கட்சிக்காரர்களைப் பார்த்துவிட்டேன். ஏ.சி., இன்வெர்ட்டர், கார் என்று பொருள்தான் மாறும். பில் போடும்போது வரி மிச்சம் என்று சிரித்துக்கொண்டே கடை எண்ணைக் கொடுப்பார்கள். பொருள் பழுதானதும் சாதாரணக் குடும்பஸ்தன் நான் என்று மனு எழுதச் சொல்வார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் வாதம்கூடச் செய்ய வேண்டாம், கடையின் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் நகலைக் கேட்டு ஒரு மனுப் போட்டால் போதும். 10,800 சின்னத் தொகைதான், 18 சதவீத வட்டி போட்டாலும் தாங்கலாம். ஆனால் நோட்டீஸ் என்று ஒன்று கடைக்கு வந்தால் அது இந்த ஒரு பில்லோடு நின்றுவிடும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். தங்கச்சி புருஷன் பேச்சைக் கேட்டுப் பில் போட்டோம் என்று உங்களுக்கு அவர் மேல் கோபம் இருக்கலாம், அவரை வரித்துறையிடம் மாட்டிவிடும் அளவுக்கு இருக்காது என்று நினைக்கிறேன்.

அப்புறம் நீங்கள் அனுப்பிய போட்டோ. மிஷின் புதிதுபோல் இருந்தது என்று காட்ட அனுப்பியிருக்கிறீர்கள். நான் பார்த்தது வேறு. ஆடித் தள்ளுபடி நேரம், மிஷின் ஜவுளிக்கடைக் கல்லா மேஜையில் இருக்கிறது. பின்னால் 'வாடிக்கையாளர்களுக்கு எஸ்பிரெசோ இலவசம்' என்று சார்ட் அட்டை. அதைவிட மோசம், மிஷினின் முகப்பில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விளக்கு எரிகிறது. அது உப்பை நீக்கச் சொல்லி மிஷின் போடுகிற விளக்கு. ஆடியில் எரிந்த விளக்கைத் தீபாவளி வரை யாரும் பார்க்கவில்லை என்று அந்த ஒரு படமே சொல்லிவிடும். இதை ஸ்டேட்டஸில் வேறு போட்டிருந்தால், அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும். நாலு நாள் கடையில் வைத்ததால் மட்டும் வழக்கு விழாது. பில், இன்புட், போட்டோ மூன்றும் சேர்ந்தால் விழும். சொல்லப்போனால், ஒரு மிஷினை வாங்கித் தானே நின்று காபி போட்டு விற்று வயிறு கழுவுகிறவர் பக்கம்தான் சட்டம் இன்னும் கொஞ்சம் உறுதியாக நிற்கும். சுயதொழில் பிழைப்புக்கு அந்தப் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. ஆள் வைத்து நடத்துகிற ஜவுளிக்கடைக்கு அது பொருந்தாது.

சரி, நுகர்வோர் என்று நிரூபித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். குறை மிஷினிலா தண்ணீரிலா என்பது அடுத்த கேள்வி. தாமிரபரணித் தண்ணீர் மட்டும் ஊற்றினோம் என்றால் தைரியமாகப் பேசலாம். போர் தண்ணீர் ஊற்றியதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் உங்கள் போர் தண்ணீரைக் கொடுத்து, கடினத்தன்மை எவ்வளவு என்று முதலில் உங்களுக்காகப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவு, வேறு வழியில்லை என்றால் 600 வரை. உங்களுடையது 400, 500 என்று வந்தால் குடிக்கலாம்தான், ஆனால் கொதிகலனில் சுண்ணாம்பு படிந்ததற்குக் கம்பெனியைக் கைகாட்ட முடியாது. மிஷின் கையேட்டில் தண்ணீருக்கென்று ஒரு பக்கம் இருக்கும், படித்துப் பாருங்கள்.

இன்னொன்று. டவுனில் மிக்சி ரிப்பேர் செய்கிறவரிடம் கொடுத்துத் திறந்து பார்க்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். ஸ்க்ரூ ஒன்றைக்கூடத் தொட விடாதீர்கள். ஆணையம் பரிசோதனைக்கு அனுப்பும்போது மிஷின் திறந்திருந்தால், ஒழுகியது முன்னாலா பின்னாலா என்று யாராலும் சொல்ல முடியாது. இப்படித் திறந்த மிஷினோடு வருகிறவர்களிடம் நான் வழக்கு வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

ஆக, மெயிலில் வந்த பாதிக் கட்டணத்தை ஒத்துக்கொள்ளுங்கள். 7,250 ரூபாய். பரிசோதனை வேண்டிய வழக்கை 5 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, நடைமுறை எப்படி என்று உங்களுக்கே தெரியும். ஜெயித்தாலும் அவர்கள் மாநில ஆணையத்தின் மதுரை அமர்வுக்கு அப்பீல் போவார்கள். 70,800 ரூபாய் மிஷினுக்கு 5 லட்சம் யாரும் எழுதித் தரப்போவதில்லை, அதைக் கேட்டு வைத்தால் மனுதாரர் விவரமில்லாதவர் என்ற எண்ணம்தான் வரும்.

ஆனால் சும்மா ஒத்துக்கொள்ளாதீர்கள். வாரன்டி முடிய இன்னும் சில நாள்தான் இருக்கிறது. அதற்குள் மெயிலில் புகாரைப் பதிவு செய்துவிடுங்கள், போனில் பேசியது கணக்கில் வராது. மாற்றுகிற பாகத்துக்கு 6 மாத உத்தரவாதம் வேண்டும், கூலி தனியாகக் கேட்கக் கூடாது, குறை மிஷினுடையது அல்ல என்று நான் ஒப்புக்கொண்டதாக எங்கும் எழுதக் கூடாது என்று மூன்று வரி அதே மெயிலில் சேருங்கள். மச்சினனிடம் சொல்லி, அவருடைய ஆடிட்டர் மூலம் அந்த இன்புட்டை வட்டியோடு திருப்பிவிடச் சொல்லுங்கள். ரிப்பேர் சரியாக அமையாமல் நாளைக்கு ஆணையத்துக்குப் போக நேர்ந்தால், வீட்டுக்குத்தான் வாங்கினோம் என்று கூசாமல் சொல்ல அது ஒன்றுதான் வழி. வழக்குத் தொடர 2 வருஷம் அவகாசம் இருக்கிறது, அவசரமில்லை.

மிஷின் திரும்பி வந்ததும் சர்வீஸ்காரர் ஒரு சீட்டை நீட்டுவார். அதில் 'வாடிக்கையாளர் திருப்தி' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் கையெழுத்து கேட்பார். அவர் நிற்கும்போதே ரெண்டு காபி போட்டு, ஆவி விட்டு, அடியில் காகிதம் விரித்துப் பத்து நிமிஷம் பாருங்கள். ஈரம் இல்லை என்றால் கையெழுத்துப் போடுங்கள்.