திட்டு விழுந்ததையும் பார்த்தான் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு நான்கரை வயது. பக்கத்து வீட்டுப் பையன் ஒரு பொம்மைக்காக இன்னொரு குழந்தையின் முடியைப் பிடித்து உலுக்கியதைப் பார்த்தான். அந்தப் பையன் அவன் அம்மாவிடம் நன்றாகத் திட்டு வாங்கியதையும் பார்த்தான். அப்புறம் இரண்டு மாதம் ஒன்றுமில்லை. போன வாரம் ஒரு கல்யாணத்தில் பெரிய பையன்கள் உசுப்பேற்ற, தங்கையின் முடியை அதேபோல் பிடித்து உலுக்கிவிட்டான். திட்டு விழுவதைப் பார்த்த பிறகும் எப்படிச் செய்தான்?

– ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள சகோதரி,

ஏறக்குறைய இதே கேள்வியை அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா சோதித்துப் பார்த்திருக்கிறார். 1965-இல் வெளியான ஆய்வு அது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மழலையர் பள்ளியின் 66 குழந்தைகளுக்கு ஒரு சிறிய படம் காட்டினார்கள். அதில் ஒருவர், காற்றடைத்த பெரிய போபோ பொம்மையை மூக்கில் குத்துகிறார், சுத்தியலால் அடிக்கிறார், உதைக்கிறார். முடிவு மட்டும் குழுவுக்குக் குழு வேறு. ஒன்றில் அவருக்கு மிட்டாயும் பாராட்டும். இன்னொன்றில் திட்டும் அடியும். மூன்றாவதில் ஒன்றுமே நடக்கவில்லை.

அதன்பின் குழந்தைகளைப் பொம்மையோடு விட்டார்கள். அடி வாங்கியதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அப்படிச் செய்தார்கள். இதோடு நிறுத்தியிருந்தால், தண்டனையைக் காட்டினால் போதும் என்று நாமும் நம்பியிருப்போம். ஆனால் பண்டூரா அடுத்து ஒன்று செய்தார். படத்தில் பார்த்ததைச் செய்து காட்டினால் பழச்சாறும் ஒட்டுப்படமும் தருவதாகச் சொல்ல, மூன்று குழுவினரும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குச் செய்து காட்டினார்கள். அதாவது எல்லாக் குழந்தைகளும் கற்றிருந்தார்கள். தண்டனையைப் பார்த்தவர்கள் வெளியே காட்டாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

குத்துவதற்கென்றே செய்த பொம்மையை அடிப்பதை வைத்து எவ்வளவு சொல்லிவிட முடியும் என்று இந்தச் சோதனைகளை விமர்சித்தவர்கள் உண்டு. அது நியாயமான கேள்விதான். ஆனாலும் கற்பது வேறு, செய்வது வேறு என்ற இந்த ஒன்றைக் குழந்தை வளர்க்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

உங்கள் மகன் முடியை எப்படிப் பிடிப்பது என்று அன்றே கற்றுவிட்டான். எப்போது செய்யக்கூடாது என்பதையும் சேர்த்துக் கற்றான். கல்யாண வீட்டில் திட்ட ஆளில்லை, சிரிக்க ஆளிருந்தது.

அவன் பார்க்காத ஒன்றும் இருக்கிறது. ஒரு பொம்மை வேண்டுமென்றால் எப்படிக் கேட்பது, கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதை யாராவது அவன் கண்முன் செய்திருக்கிறார்களா? பண்டூராவின் 1961 சோதனையில் ஒரு பகுதிக் குழந்தைகள், போபோ பொம்மையைச் சீண்டாமல் அமைதியாக விளையாடிய பெரியவரைப் பார்த்தார்கள். அவர்களிடம் மூர்க்கம் மிகக் குறைவாக இருந்தது. எனவே வீட்டில் டிவி ரிமோட்டுக்கு நீங்களும் உங்கள் கணவரும் போட்டி போடும்போது, "நீங்க பாத்து முடிச்சதும் குடுங்க" என்று அவன் காதில் விழும்படியே கேளுங்கள். கொஞ்சம் நாடகம் போலத் தெரிந்தாலும் பரவாயில்லை, செய்யுங்கள்.

அந்தப் பெரிய பையன்கள் உறவுக்காரப் பிள்ளைகள் என்றால் அவர்களிடமும் பேசிவிடுங்கள். அடுத்த விசேஷத்தில் அவர்கள் சிரிக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.