எடைக்குப் போன மனுக்கள்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு மக்கள் எழுதிய கடிதங்களைக் காப்பகத்தில் வைத்திருப்பது பற்றி எழுதியிருந்தீர்கள். நான் ஒரு எம்.எல்.ஏ. அலுவலகத்தில் உதவியாளராக இருந்தவன். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், குடிநீர், மகனுக்கு வேலை, ஆஸ்பத்திரிச் செலவு என்று தினமும் மனுக்கள் வரும். தேர்தலில் தோற்று அலுவலகத்தைக் காலி செய்தபோது அவ்வளவையும் சாக்கில் கட்டிப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டோம். அதில் தவறு இருப்பதாக எனக்கு இன்றும் தோன்றவில்லை.

மனுவில் குடும்பச் சண்டை இருக்கும், நோய் இருக்கும், ரேஷன் கார்டு நகல் இருக்கும். நாளைக்கு ஒரு ஆராய்ச்சி மாணவர் அதை எடுத்துப் படித்தால் அந்த மனிதர்களுக்குச் செய்கிற துரோகம் இல்லையா? அங்கே அடிமைமுறை ஒழிப்பு, பெண்கள் வாக்குரிமை என்று எழுதினார்கள், வைத்திருக்கிறார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்ற மனுவை வைத்து யார் என்ன செய்யப்போகிறார்கள்?

தபால் வரவுப் பதிவேடு இரண்டு மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. அதையும் கிழித்துப் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

பதிவேடுகளைக் கிழிக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மனு கொடுத்தவர்களின் அந்தரங்கத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் எடைக்குப் போட்டதால் அந்த அந்தரங்கம் காப்பாற்றப்படவில்லை. ஒரு விதவையின் ரேஷன் கார்டு நகலும் அவர் கணவரின் மருத்துவச் சீட்டும் பேப்பர் கடைக்குப் போய், அங்கிருந்து கடலை மடிக்கப் போயிருக்கும். யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம். பூட்டி வைத்திருந்தால் அந்த ஆபத்து இல்லை.

அமெரிக்காவிலும் தொடக்கத்திலிருந்தே எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. மேலவையான செனட்டின் பழைய தாள்கள் நாடாளுமன்றம் கூடும் கேபிடல் கட்டடத்தின் பரணிலும் அடித்தளத்திலும் குவிந்து கிடந்தன. 1927இல் ஹெரால்ட் ஹஃபர்ட் என்ற இளம் எழுத்தர் அடித்தள அறை ஒன்றுக்குள் நுழைந்தபோது எலியும் கரப்பானும் சிதறி ஓடின. காலில் மிதிபட்ட தாளை எடுத்துப் பார்த்தார். அதில் அவருடைய காலணியின் ரப்பர் குதிகால் தடம் பதிந்திருந்தது. கூடவே, நூறாண்டுக்கு முன் துணைக் குடியரசுத் தலைவராக இருந்த ஜான் கால்ஹூனின் கையெழுத்து. அப்படிக் கிடந்தவை தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச்சேர 1937 ஆனது. கீழவையான பிரதிநிதிகள் சபையின் தாள்கள் 1946இல் போயின.

அந்தச் சபை 1836 மே மாதம் ஒரு தீர்மானம் போட்டது. அடிமைமுறை பற்றி வரும் எந்த மனுவையும் அச்சிடுவதில்லை, குழுவுக்கு அனுப்புவதில்லை, அப்படியே ஒதுக்கி வைத்துவிடுவது என்று. முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் அந்தச் சபையில் உறுப்பினராக இருந்து எட்டு வருடம் விடாமல் போராடினார். 1844 டிசம்பர் 3இல்தான் அந்தத் தடை நீங்கியது. அதுவரை மனுக்கள் வந்துகொண்டே இருந்தன. கையெழுத்திட்டவர்களில் ஏராளமானோர் ஓட்டுரிமையே இல்லாத பெண்கள். சபை திரும்பிக்கூடப் பார்க்காத அந்தத் தாள்கள் பெருமளவு இன்றும் இருக்கின்றன. எந்த ஊரில் எந்தப் பெண்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள் என்பது அவற்றால்தான் தெரிகிறது.

பெரிய விஷயம், சின்ன விஷயம் என்று நீங்கள் பிரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடிய சூசன் பி. ஆன்டனி 1872 தேர்தலில் ஓட்டுப் போட்டார். பெண் ஓட்டுப் போட்டது குற்றமென்று நீதிமன்றம் 100 டாலர் அபராதம் விதித்தது. 1874இல் அவர் நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த மனுவின் கோரிக்கை, அந்த அபராதத்தைத் தள்ளுபடி செய்யுங்கள் என்பதுதான். உங்கள் மேசைக்கு வந்திருந்தால் எந்த மனுக்கட்டோடு சேர்த்திருப்பீர்கள்?

தெருவிளக்கு மனுவுக்கு வருகிறேன். ஒன்றைத் தனியாக எடுத்தால் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே காலனியிலிருந்து ஐந்து வருடமும் அதே மனு வந்திருக்கிறது, பக்கத்துத் தெருவிலிருந்து ஒன்றுகூட வரவில்லை என்றால்? யாருக்குக் கேட்காமலே கிடைத்தது, யார் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது என்று அதிலிருந்து தெரிந்துவிடும். எந்த அரசாங்க அறிக்கையிலும் இது வராது. தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவரின் கையெழுத்திலேயே ஐம்பது மனு வந்திருக்கும். எல்லாவற்றிலும் ‘ஐயா அவர்கள் கருணை கூர்ந்து’ இருக்கும். நடுவில் ஒன்றில் மட்டும், எழுதச் சொன்னவர் பிடிவாதமாகச் சொன்ன ஒரு வரி அவருடைய பேச்சிலேயே விழுந்திருக்கும். அந்த வரிகளெல்லாம் உங்கள் சாக்கோடு போய்விட்டன என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அந்தரங்கத்துக்கு அங்கே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பிரதிநிதிகள் சபையின் ஆவணங்கள் பொதுவாக 30 வருடம் கழித்தே திறக்கப்படும், செனட்டின் ஆவணங்கள் 20 வருடம் கழித்து. தனிமனித விவரங்கள் இருந்தால் இரண்டிலும் 50 வருடம். இதெல்லாம் சபைக்கும் குழுக்களுக்கும் வந்தவற்றுக்குத்தான். உறுப்பினரின் சொந்த அலுவலகத்துக்கு வரும் கடிதங்கள் வழக்கப்படி அவருடைய உடைமை. அவற்றை ஒழுங்காகப் பாதுகாத்துக் காப்பகங்களுக்குக் கொடுங்கள் என்று 2008இல் நாடாளுமன்றம் ஒரு தீர்மானத்தில் கேட்டுக்கொண்டது. கட்டாயமில்லை. பலர் தங்கள் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுக்கிறார்கள். மேற்கு வர்ஜீனியாவின் செனட்டர் ஜே ராக்ஃபெல்லர் கொடுத்தவற்றில் கணினியில் இருந்த கடிதத் தரவும் உண்டு. அதைப் படிப்பதற்கென்றே அந்தப் பல்கலைக்கழகத்தில் மென்பொருள் எழுத வேண்டியிருந்தது. (இங்கே இப்போது மனு வாட்ஸ்அப்பில் வருகிறது. உதவியாளர் போனை மாற்றினால் அதோடு சரி.)

எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே வாசகத்தோடு மூட்டை மூட்டையாக வரும் அச்சிட்ட அஞ்சலட்டைகளில் மாதிரிக்குச் சிலவும் எத்தனை வந்தன என்ற கணக்கும் போதும். ஆனால் பென்ஷன் வரவில்லை, சிகிச்சை கிடைக்கவில்லை என்று தனி ஆட்கள் உதவி கேட்ட கடிதங்களை, சிக்கல் வேண்டாமென்று அங்கும் சில காப்பகங்கள் வாங்குவதில்லை, வாங்கினாலும் அழித்துவிடுகின்றன. அது தவறு என்பது என் உறுதியான எண்ணம். ஒரு சட்டம் வீட்டுவாசல் வரை வந்து சேர்ந்ததா என்று காட்டுவது அந்தக் கடிதங்கள்தான். 50 வருடம் பூட்டுங்கள், வேண்டுமானால் 75 வருடம் பூட்டுங்கள். அழிக்காதீர்கள்.

நம் அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு, குறையை நம் மொழியிலேயே எழுதி எந்த அதிகாரியிடமும் முறையிடும் உரிமையைத் தருகிறது. எழுதிய தாள் பிறகு என்னவாக வேண்டும் என்று அது சொல்லவில்லை. 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் மத்திய அரசு சார்ந்த அலுவலகங்களுக்கானது, எம்.எல்.ஏ. அலுவலக மேசை அதன் வரம்புக்குள் வராது. ஆகவே இப்போதைக்கு எல்லாம் உங்களைப் போன்றவர்களின் கையில்தான் இருக்கிறது.

அந்த இரண்டு பதிவேடுகளை என்ன செய்யலாம்? பழைய உறுப்பினரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், அவை அவருடைய அலுவலகத்துடையவை. சம்மதித்தால் பக்கத்துப் பல்கலைக்கழக நூலகத்திலோ சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ வாங்கிக்கொள்வார்களா என்று விசாரியுங்கள். இத்தனை வருடம் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையை எழுத்தில் வாங்காமல் கொடுக்காதீர்கள். போனில் படமெடுத்து யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். அதுவரை கரையான் ஏறாத இடத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று. பதிவேட்டில் தேதி, பெயர், ஊர், பொருள், எந்தத் துறைக்கு அனுப்பப்பட்டது என்பதோடு வரி முடிந்திருக்கும். எந்த மனுவுக்குப் போன் போட்டீர்கள், எதற்கு லெட்டர்பேடில் பரிந்துரை போனது, எது கட்டின் அடியிலேயே கிடந்தது, ஏன் என்பதெல்லாம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். பதிவேட்டில் கை வைக்காமல் தனியாக ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். ஞாபகம் இருக்கும் மனுக்களிலிருந்தே தொடங்கலாம்.

அன்புடன்.