ப்ரொஃபைல் படத்தை நீங்களே தேர்ந்தெடுக்காதீர்கள்

கேள்வி: சமூக வலைத்தளங்களில் வைக்க நல்ல ப்ரொஃபைல் படத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? எல்லா இடத்திலும் ஒரே படத்தை வைக்கலாமா?

சின்ன ஊர் ஒன்றில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வருபவர்கள், ஜாதகத்தோடு கொடுக்கப் படம் எடுக்க வருபவர்கள் எல்லோருமே இப்போது கிளம்பும்போது, “அண்ணே, அப்படியே டிபி வைக்கிற மாதிரி ஒண்ணு எடுத்துருங்க” என்கிறார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: படத்தை யாரிடம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், எதை வைப்பது என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யாதீர்கள்.

எடுத்த படங்களை மானிட்டரில் ஓடவிடும்போது படத்தில் இருப்பவரின் கண் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். நெற்றியில் விழுந்த ஒற்றை முடி, கொஞ்சம் தூக்கிக்கொண்ட காலர், சிரிக்கும்போது தெரிகிற தெற்றுப்பல். கூட வந்த நண்பர், “டேய், இதுல நல்லா இருக்கடா” என்று ஒன்றைக் காட்டுவார். “ஐயோ, அதுல கன்னம் ஊதியிருக்கு” என்று இவர் அதைத் தள்ளிவிட்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு விறைப்பாக நிற்கிற படத்தைப் பிடித்துக்கொள்வார். என் ஓட்டு பெரும்பாலும் நண்பருக்குத்தான்.

இதை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஒயிட்டும் கூட்டாளிகளும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு அது. மாணவர்களின் படங்களில் ஃபேஸ்புக்குக்கு எது, வேலைக்கு எது, வரன் தேடுகிற மாதிரியான தளத்துக்கு எது என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். முன்பின் தெரியாதவர்களிடமும் அதே வேலையைக் கொடுத்தார்கள். பிறகு வேறு ஆட்களிடம் காட்டிப் பார்த்தால், தெரியாதவர்கள் பொறுக்கிய படங்களுக்குத்தான் நல்ல பெயர் கிடைத்தது. ஆகவே வீட்டில் கேட்பதைவிட, அலுவலகத்தில் உங்களோடு அவ்வளவாகப் பழகாத ஒருவரிடம் மூன்று நான்கு படங்களைக் காட்டிக் கேட்பது நல்லது. அம்மாவிடம் கேட்டால் எல்லாமே நன்றாக இருப்பதாகத்தான் சொல்வார்.

நமக்கு ஏன் நம் படம் பிடிப்பதில்லை? நாம் நம்மைப் பார்ப்பது கண்ணாடியில். அதில் வகிடு ஒரு பக்கம், மச்சம் ஒரு பக்கம். ஊர் பார்ப்பது அதன் மறுபக்கம். 1977-லேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒருவரின் படத்தையும் அதையே இடவலம் மாற்றிப் போட்ட பிரதியையும் காட்டினால், அவருக்குக் கண்ணாடியில் தெரிகிற பிரதி பிடிக்கிறது, நண்பருக்கு அசல் படம் பிடிக்கிறது. பல போன்களில் செல்ஃபி எடுக்கும்போது திரையில் தெரிவது கண்ணாடி பிம்பம். சேவ் ஆகும்போது அது திரும்பிக்கொள்ளும். “எடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு, அப்புறம் மூஞ்சி கோணலாயிருச்சு” என்று போனைக் குறை சொல்வது இதனால்தான். மற்றவர்களுக்கு நீங்கள் எப்போதும் அப்படித்தான் தெரிகிறீர்கள். அவர்கள் யாரும் குறை சொல்லவில்லையே.

மூக்கு விஷயத்தில் மட்டும் உங்கள் புகார் நியாயமானது. கேமரா முகத்துக்கு ஓர் அடி தூரத்தில் இருந்தால், ஐந்தடி தூரத்தில் எடுத்ததைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். செல்ஃபியைப் பார்த்துவிட்டு மூக்கைச் சின்னதாக்கச் சொல்லி அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்கள் இருப்பதால் வந்த ஆய்வு அது. அறுவை சிகிச்சையெல்லாம் வேண்டாம். போனைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து, ஐந்தாறு அடி தள்ளி நிற்கச் சொல்லி, கொஞ்சம் ஜூம் செய்து எடுக்கச் சொல்லுங்கள். வாசற்படியில் வெளிச்சத்தைப் பார்த்தபடி, வெயில் நேராக முகத்தில் படாமல் நின்றால் போதும். தலைக்கு மேல் எரிகிற விளக்குக்கு அடியில் நின்றால் கண்ணுக்குக் கீழே கருமை விழும். அதைச் சரிசெய்யப் பியூட்டி மோடைப் போட்டால் தோல் மெழுகு பூசினாற்போல ஆகிவிடும்.

அப்புறம் அளவு. ஊட்டி பூங்காவில் முழு உருவமாக நின்ற படம், பின்னால் கோபுரம் முழுக்க வரவேண்டும் என்று எடுத்த படம், இதெல்லாம் ஆல்பத்துக்குச் சரி. வாட்ஸ்அப் பட்டியலில் உங்கள் படம் சட்டைப் பொத்தான் அளவுதான். அதுவும் வட்டம். ட்விட்டரும் 2017-இல் சதுரத்திலிருந்து வட்டத்துக்கு மாறிவிட்டது. நான்கு மூலையிலும் இருப்பது போய்விடும் என்பதால் ஓரத்தில் நிற்கிற பிள்ளைக்குப் பாதி முகம்தான் மிஞ்சும். தலையும் தோளும் வருகிற மாதிரி வெட்டி, போனைக் கை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். ஆள் யாரென்று தெரிந்தால் சரி.

எல்லாவற்றுக்கும் ஒரே படம் வைக்கலாமா என்றால், வேண்டாம். வாட்ஸ்அப்பில் உங்களைப் பார்ப்பவர்கள் தெரிந்தவர்கள். முருகன், அஜித், குலதெய்வம், நேற்று பிறந்த அக்கா மகள், எதை வைத்தாலும் நீங்கள்தான் என்று அவர்களுக்குத் தெரியும். வேலை தேடும் தளமான லிங்க்ட்இன்னில் பார்ப்பவர் உங்களை அறியாதவர்; அங்கே முகம் வேண்டும். கல்யாணப் படத்திலிருந்து வெட்டி வைத்து, தோளில் யாரோ ஒருவருடைய கை மட்டும் மிச்சமிருக்கிற படங்களை அங்கே நிறையப் பார்க்கிறேன். 2025 மார்ச்சில் எல்லோரும் படத்தை ஏஐயிடம் கொடுத்து, கிப்லி என்கிற ஜப்பானிய கார்ட்டூன் பட நிறுவனத்தின் பாணியில் ஓவியமாக மாறினார்களே, அதை நானும் ரசித்தேன். ஆனால் சில நாளில் என் வாடிக்கையாளர்கள் எல்லோரும் அண்ணன் தம்பி ஜாடைக்கு வந்துவிட்டார்கள். வேலை தேடுகிற இடத்தில் அது உதவாது.

முகம் வைக்க விருப்பமில்லாத பெண்கள் கோலமோ பூவோ வைத்தால் அதை யாரும் கேள்வி கேட்கத் தேவையில்லை. படத்தை எடுத்துத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற பயத்தில் இந்தியப் பெண்கள் பலர் முகம் வைப்பதில்லை என்பதால்தான் ஃபேஸ்புக் 2017-இல் ப்ரொஃபைல் படத்துக்கு நீல ஓரம் போட்ட பாதுகாப்பை இங்கே முதலில் கொண்டுவந்தது. 2020-இல் ப்ரொஃபைலையே பூட்டும் வசதியும் வந்தது. ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பில் இப்போது டிபியை ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது. இன்னொரு போனால் படம் பிடிப்பதை யாரும் தடுக்க முடியாது. எனக்கு ஆட்சேபம் ஒன்றே ஒன்றுதான்: பள்ளிச் சீருடையில் பேட்ஜ் தெரிய நிற்கும் குழந்தையின் படம். அது பிள்ளை எங்கே படிக்கிறது என்று ஊருக்கே சொல்லும் படம்.

மாவட்ட ஆட்சியர்களின் படத்தை டிபியாக வைத்துக்கொண்டு அவர்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர்களிடம் கிஃப்ட் கார்டு வாங்கி அனுப்பச் சொல்லும் மோசடி செய்தித்தாள்களில் பலமுறை வந்திருக்கிறது. புது எண்ணில் தெரிந்த முகம் பணம் கேட்டால் பழைய எண்ணுக்கு போன் செய்து கேளுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள்.

டிபியைப் பாதுகாக்க வாட்ஸ்அப் செட்டிங்கில் ‘என் தொடர்புகள் மட்டும்’ என்று மாற்றுவதாக இருந்தால், அதற்கு முன் சொந்தக்காரர்களின் எண்களையெல்லாம் சேமித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சேமிக்காத எண்ணுக்கு உங்கள் படம் வெறும் சாம்பல் நிற உருவமாகத்தான் தெரியும். பிளாக் செய்தாலும் படம் காணாமல்தான் போகும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத சித்தப்பா அடுத்த காதுகுத்தில் பந்தியில் வைத்தே கேட்டுவிடுவார்.